நர்ஸம்மா பதில்கள்: ஊர் அடங்கியும் உறங்காத பிள்ளை

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி, ஒன்றரை வயதிலிருந்து நாலு வயது வரை உள்ள பிள்ளைகளின் ராத்திரித் தூக்கம் பற்றித்தான். உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பக்கம் துணை சுகாதார நிலையங்களில் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் தாய்மார்கள், ஊசி போட்டு முடித்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதும் பெரும்பாலும் இதைத்தான். இப்போது எழுதிய பெண்கள் அத்தனை பேர் கடிதத்திலும் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: “வீட்டில் என்னைத்தான் குறை சொல்கிறார்கள்.”

முதலில் அதற்குச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை தூங்காதது தாயின் குற்றம் இல்லை. எட்டு மணிக்கு சீரியல் ஓடுகிறது, ஒன்பதுக்கு விருந்தாள் வருகிறார், பத்துக்குத் தாத்தா சத்தமாகச் செய்தி வைக்கிறார், பதினொன்றுக்கு அப்பா வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறார். இத்தனைக்கும் நடுவில் ஒருத்தி மட்டும் மூலையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளை தூங்கும்? தூங்க வைப்பது வீட்டில் இருக்கிற எல்லார் வேலையும்தான். கீழே உள்ள பதில்களை உங்கள் மாமியார், கணவர், கொழுந்தன் கையிலும் கொடுங்கள்.

வாசகி, செல்லூர்: அம்மா, என் மகளுக்கு 2 வயது 2 மாதம். போனில் பாட்டுப் போட்டால்தான் படுக்கிறாள். கண் அயரவே பதினொன்றரை ஆகிவிடும். கணவர் பரோட்டா மாஸ்டர். வேலை முடிந்து வர பன்னிரண்டு. அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து குதிப்பாள். மறுபடி தூங்க ஒன்றரை. காலையில் ஒன்பதரைக்கு எழுகிறாள், சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறரை வரை தூங்குகிறாள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் காரணமாக இருக்குமா?

உங்கள் கடிதத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். ஒன்றரையிலிருந்து ஒன்பதரை எட்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு, நடுவில் கலைந்த அரை மணி. ஒரு வயது, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் மகளுக்குச் சற்றுக் குறைகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், தூக்கம் நேரம் மாறிக் கிடப்பதுதான். ஆறரை மணி வரை தூங்கி எழுந்த பிள்ளைக்கு ஒன்பது மணிக்கு எப்படிக் கண் சொக்கும்?

எல்லாரும் ராத்திரியைப் பிடித்து இழுப்பார்கள். நீங்கள் காலையைப் பிடியுங்கள். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாலும் சரி, எழுப்பும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டு வாருங்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை கால் மணி நேரம் போதும். ஏழு, ஏழரையில் வந்து நிற்கட்டும். எழுந்ததும் வாசலுக்குத் தூக்கிப் போய் வெயில் வெளிச்சம் கண்ணில் படும்படி கொஞ்ச நேரம் வைத்திருங்கள். உடம்புக்குள் ஓடுகிற கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அந்த வெளிச்சம். பகல் தூக்கத்தையும் இதே போல மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளி, மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். முதல் வாரம் சாயங்காலம் நொய்நொய் என்று அழுவாள். அந்த நேரத்தில் தெருவில் இறக்கி விளையாட விடுங்கள், குளிப்பாட்டுங்கள். படுக்கையில் மட்டும் போடாதீர்கள்.

அடுத்தது போன். இருட்டத் தொடங்கியதும் மூளையில் மெலட்டோனின் என்ற சுரப்பு ஊறும். அதுதான் தூக்கத்துக்கு ஆள் அனுப்புவது. கண்ணுக்கு நேராகப் பிரகாசமான வெளிச்சம் அடித்தால் அது ஊறுவது தடைபடும். சின்னப் பிள்ளைகளின் கண்ணில் வெளிச்சம் அதிகமாகவே இறங்கும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனை அலமாரிக்கு மேல் வைத்துவிடுங்கள். டியூப் லைட்டை அணைத்துச் சின்ன பல்பைப் போடுங்கள். மூன்று நாள், நாலு நாள் போனுக்காகப் புரண்டு அழுவாள். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள், திட்டாதீர்கள், போனையும் கொடுக்காதீர்கள். நாலாம் நாள் கொடுத்துவிட்டால், நாலு நாள் அழுதால் கிடைக்கும் என்பதை அவள் கற்றுக்கொள்வாள்.

போன் இருந்த இடத்தில் எதை வைப்பது? வரிசையை வையுங்கள். நீங்கள் மதுரைக்காரர், மீனாட்சியம்மன் கோயிலில் பள்ளியறை பூஜை பார்த்திருப்பீர்கள். சொக்கநாதரின் பாதுகை பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு வரும். மேளம், பால் நைவேத்தியம், பாட்டு, தீபாராதனை, கதவு சாத்துவது. நேற்று எந்த வரிசையோ அதே வரிசைதான் இன்றும். பார்க்கிற நமக்கே நடை சாத்தும்போது ‘சரி, இன்றைக்கு இவ்வளவுதான், வீட்டுக்குப் போவோம்’ என்று தோன்றிவிடும். பிள்ளைக்கும் அது போல நாலு காரியம் வேண்டும். சாப்பாடு முடிந்து முக்கால் மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள்: வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பு துடைத்தல், பல் விளக்கி ஒண்ணுக்குப் போய் வருதல், விளக்கை மாற்றிப் பாயில் படுத்தல், ஒரே ஒரு பாட்டு அல்லது ஒரே ஒரு கதை. மொத்தம் அரை மணிக்கு மேல் போகக் கூடாது. ஒரே கதையைத் தினமும் கேட்டால் நமக்குத்தான் சலிக்கும், அவளுக்குச் சலிக்காது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே அவளுக்கு நிம்மதி.

உங்கள் கணவர் விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க அடுப்பு முன்னால் நின்றவர், மகள் முகத்தைப் பார்க்க ஓடி வருகிறார். அதில் எந்தத் தப்பும் இல்லை. அவருக்குக் காலையைக் கொடுங்கள். எட்டரையிலிருந்து அவர் வேலைக்குக் கிளம்பும் வரை பிள்ளை அவருடையது. குளிப்பாட்டுவது, இட்லி ஊட்டுவது, மதியம் படுக்க வைப்பது எல்லாம் அவரே செய்யட்டும். ராத்திரி வண்டியைத் தெருமுனையிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள். முதல் சில நாள் மனசு கேட்காதுதான்.

தறிச் சத்தத்தை விட்டுவிடுங்கள். ஒரே சீராக ஓடுகிற சத்தத்துக்குப் பிள்ளை பழகிவிடும். திடீரென்று நின்றாலும், திடீரென்று ஒரு பாத்திரம் விழுந்தாலும்தான் விழிக்கும்.

வாசகி, வில்லாபுரம்: மகளுக்கு 14 மாதம். ராத்திரி பஸ்ஸில் சென்னை போகிறோம். சளி மருந்து ஒரு மூடி கொடுத்தால் அசந்து தூங்குவாள் என்கிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது. அவர்கள் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார்கள், ஆனாலும் கூடாது. இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குள்ளும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. தூக்கத்துக்காகக் கொடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். தூக்கம் தரும் மருந்து கொஞ்சம் கூடினாலும் மூச்சு தளர்ந்துவிடும். சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக, விடியும் வரை துள்ளும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. என் இளையவனுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது, இதே மாதிரி ஒரு பஸ் பயணத்துக்கு, வீட்டில் மிச்சமிருந்த சளி மருந்தைக் கொடுத்தேன். செவிலியர் படிப்புப் படித்தவள் நான். மறுநாள் மதியம் வரை அவன் கண்ணைத் திறக்கவில்லை. அவன் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ராத்திரியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அவன் பிழைத்துக்கொண்டான். நீங்கள் அந்தச் சோதனைக்குப் போக வேண்டாம்.

கசகசாவை அரைத்துப் பாலில் கொடுப்பதும், வசம்பைச் சுட்டு உரசி ஊற்றுவதும் இதே கணக்குத்தான். கசகசா அபினிச் செடியின் விதை. வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று பேர் இருந்தாலும் உள்ளுக்குக் கொடுக்கிற பொருள் இல்லை.

பஸ்ஸுக்கு ஒரு வழி: வீட்டில் விரிக்கிற அதே துணி, அதே பாட்டு. ஏறும் முன்பே இரவு உடையைப் போட்டு, பல் விளக்கிவிடுங்கள்.

வாசகர், மேலூர்: என் பேரனுக்கு 3 வயது. தூங்கி ஒன்றரை மணி நேரத்தில் ‘ஆ’ என்று அலறி உட்காருகிறான். கண் திறந்திருக்கிறது, ஆனால் எங்களைத் தெரியவில்லை. தொட்டால் தள்ளிவிடுகிறான். பத்து நிமிடத்தில் தானே படுத்துக்கொள்கிறான். காலையில் கேட்டால் ஒன்றும் தெரியவில்லை. பள்ளிவாசலில் மக்ரிப் தொழுகை முடிந்து வருகிறவர்களிடம் ஓதி வாங்கினோம், தாயத்தும் கட்டியிருக்கிறோம். என் மனைவி சாப்பிடாமல் கிடக்கிறாள்.

ஐயா, நீங்கள் எழுதிய விவரம் தெளிவாக இருப்பதால் தைரியமாகச் சொல்கிறேன். இது ராத்திரி அலறல். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பிள்ளை பாதிதான் வெளியே வருகிறது. உடம்பு எழுந்துவிட்டது, மனசு தூங்குகிறது. அதனால்தான் அப்பத்தாவையே அடையாளம் தெரியவில்லை, அதனால்தான் காலையில் ஞாபகமும் இல்லை. பயந்தது நீங்கள்தான், அவன் மனதில் ஒன்றும் தங்கவில்லை. கெட்ட கனவு வேறு. அது பின்ராத்திரியில் வரும், பிள்ளை முழுக்க விழித்துவிடும், உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளும், என்ன கண்டது என்று சொல்லும்.

அலறும்போது உலுக்காதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள், விளக்கைப் போட்டு எல்லாரும் சூழ்ந்து நிற்காதீர்கள். எழுந்து ஓடினால் இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு, மெதுவான குரலில் “தாத்தா இங்கதான் இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டிருங்கள். மறுநாள் அவன் காதுபட இதைப் பற்றிப் பேச வேண்டாம். தூக்கம் குறைந்த நாளிலும் காய்ச்சல் நாளிலும் இது கூடுதலாக வரும். மதியத் தூக்கத்தை அவன் சமீபத்தில் விட்டிருந்தால், ராத்திரி அரை மணி முன்னாலேயே படுக்க வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் வருவதால் இன்னொன்றும் செய்து பார்க்கலாம்: அந்த நேரத்துக்குக் கால் மணி முன்பு லேசாகத் தொட்டு, புரண்டு படுக்கும் அளவுக்கு மட்டும் கலைத்து, மறுபடி தூங்க விடுங்கள். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்யுங்கள். அப்புறம் ஒரு கேள்வி: உங்கள் மகனோ, வீட்டில் வேறு யாருமோ சின்ன வயதில் தூக்கத்தில் நடந்ததுண்டா? இது குடும்பவாகாக வரக்கூடியது. வளர வளரப் போய்விடும்.

ஓதி வாங்கியதில் ஒரு தவறும் இல்லை. உங்கள் வீட்டம்மாவுக்கு அதில் மனசு ஆறுகிறதென்றால் போய் வாருங்கள். தாயத்தை மட்டும் கழுத்தில் கட்டாமல் வேறெங்காவது வையுங்கள். தூக்கத்தில் கயிறு இறுக்கும். கை கால் வெட்டி இழுத்தாலோ, விறைத்தாலோ, ஒரே ராத்திரியில் பல தடவை வந்தாலோ, பகலிலும் இப்படி வெறித்துப் பார்த்தாலோ தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அது வலிப்பாக இருக்கலாம்.

வாசகி, உசிலம்பட்டி: இரண்டே முக்கால் வயது மகன் ராத்திரி முழுக்கப் புரள்கிறான், காலை உதறுகிறான், பின்பக்கம் சொறிகிறான். சாயங்காலம் டீயில் பன் தொட்டுக் கொடுத்தால்தான் பசி அடங்குகிறது.

சொறிவதைப் பார்த்தால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். பெண் புழு ராத்திரியில்தான் ஆசனவாய்க்கு வந்து முட்டையிடும், அப்போதுதான் அரிப்பு. அங்கன்வாடியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை தருவார்கள். இரண்டு வயதுக்கு மேல் ஒரு முழு மாத்திரை, ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை பாதி. ஆனால் கீரிப்பூச்சிக்கு ஒரு தடவை போதாது. டாக்டரிடம் கேட்டு வீட்டில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி சாப்பிட வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், பாய் விரிப்பு, ஜட்டி எல்லாம் வெந்நீரில் போடுங்கள்.

காலை உதறுவதற்கு இரும்புச்சத்துக் குறைவும் காரணமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். அங்கன்வாடியிலும் செவிலியரிடமும் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வாரம் இரண்டு தடவை, ஒரு மி.லி. வீதம் கொடுக்க இரும்புச்சத்து டானிக் உண்டு. பாட்டில் வாங்கி ஜன்னலில் வைத்திருக்கிறீர்களா, கொடுக்கிறீர்களா? நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் அது ஜன்னலில்தான் இருந்தது.

டீயை இன்றைக்கே நிறுத்துங்கள். அது தூக்கத்தையும் விரட்டும், சாப்பாட்டில் உள்ள இரும்பையும் உடம்பில் சேர விடாது. பன்னுக்குப் பதில் அவித்த நிலக்கடலையை மசித்து உருண்டையாகவோ, கம்பங்கூழோ கொடுங்கள்.

வாசகி, திருமங்கலம் பக்கத்துக் கிராமம்: மகனுக்கு 18 மாதம். ராத்திரி நாலைந்து தடவை பால் குடிக்க எழுகிறான். நான் மூன்றரைக்கு எழுந்து மல்லிகைப் பூ எடுக்கப் போகணும். விடியுமுன் மொட்டாக எடுத்தால்தான் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போகும். நான் எழுந்ததும் அவனும் எழுந்து கத்துகிறான். அத்தை தூக்கினால் வர மாட்டான். மாரில் வேப்பிலை அரைத்துத் தடவச் சொல்கிறார்கள்.

தாயி, உன் கடிதத்தைத்தான் நான் நாலு தடவை படித்தேன். ராத்திரி முழுக்கப் பால் கொடுத்துவிட்டு, இருட்டில் டார்ச்சோடு தோட்டத்தில் குனிந்து நிற்கிற உடம்பு அது. உனக்குத் தூக்கம் வேண்டும். அதைக் கேட்க நீ வெட்கப்பட வேண்டாம்.

வேப்பிலை வேண்டாம். நம் ஊர்ப் பக்கம் எல்லா வீட்டிலும் செய்ததுதான். ஆனால் நேற்று வரை ஆறுதலாக இருந்த இடம் இன்றைக்குக் கசந்தால் பிள்ளை குழம்பிப்போகும். பாலை நிறுத்தவும் வேண்டாம். இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம். ராத்திரிப் பாலைப் பகலுக்கு மாற்றுவோம்.

அவன் ஏன் நாலைந்து தடவை எழுகிறான் என்று பார். நாம் எல்லாருமே ராத்திரியில் பல தடவை லேசாக விழிக்கிறோம். தலையணை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவோம். சின்னப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய மணிக்கு ஒரு தடவை வரும். மாரில் வாய் வைத்தபடி தூங்கினவன், விழிக்கும்போது அது இல்லையென்றால் தேடுவான். பசியில் எழுவதில்லை. பகலில் மூன்று வேளை நன்றாகச் சாப்பிடுகிற 18 மாதப் பிள்ளைக்கு நடுராத்திரியில் பால் அவசியமும் இல்லை.

அதனால் கடைசிப் பாலை ஏழரை மணிக்கு, பாயில் படுக்காமல், முற்றத்தில் உட்கார்ந்து கொடு. பிறகு வாயைத் துடைத்து, பல்லை விளக்கிவிட்டுப் படுக்க வை. தட்டிக்கொடு, பாடு, கையைப் பிடித்துக்கொள். பால் மட்டும் வேண்டாம். இதை உன் அத்தையோ, உன் வீட்டுக்காரரோ செய்தால் இன்னும் சுலபம். அவர்களிடம் பால் வாசனை இல்லை. நடுவில் எழுந்தால் டம்ளரில் தண்ணீர், ஒரு வார்த்தை, தட்டல். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தாதே. நாலைந்தில் ஒன்றை எடு, நாலு நாள் கழித்து இன்னொன்றை எடு. காய்ச்சல், பல் முளைக்கிற வேதனை, ஊசி போட்ட நாள் வந்தால் அந்த வாரம் விட்டுக்கொடு.

மூன்றரை மணிக்கு வருவோம். நடுராத்திரியில் ஆள் மாறுவதுதான் அவனைக் கலவரப்படுத்துகிறது. அம்மா பக்கத்தில் படுத்தவன் அப்பத்தா பக்கத்தில் விழித்தால் கத்தத்தான் செய்வான். அதனால் ராத்திரி எட்டு மணிக்கே அவன் அப்பத்தாவின் பாயில் படுக்கட்டும். நீ கொஞ்ச நாள் அந்தப் பக்கம், பிறகு ஒரு முழம் தள்ளி, பிறகு வேறு பாயில். செல்லம்பட்டிப் பக்கம் ஒரு மாமியார் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். மருமகள் பகலில் கட்டியிருந்த நூல் சேலையைத் துவைக்காமல் நாலாக மடித்து, பேரனுக்கு விரிப்பாகப் போட்டார். தாயின் வாசனையில் பிள்ளை விடியும் வரை கிடந்தது. உன் அத்தையிடம் சொல்லிப் பார். சேலை விரிப்பாக மட்டும் இருக்கட்டும், மேலே போர்த்தவோ கழுத்தில் சுற்றவோ வேண்டாம்.

உன் மாற்றுத் துணி, டார்ச், பூக்கூடை எல்லாம் முதல் நாளே திண்ணையில் இருக்கட்டும். உள்ளே விளக்குப் போடாமல் எழுந்து போ. ஆனால் திருடன் மாதிரி மறைந்து போகிறோமே என்று மனசு உறுத்தும் இல்லையா? தினமும் படுக்கும்போது ஒரே வாக்கியத்தைச் சொல்: “நீ முழிக்கும்போது அப்பத்தா இருப்பாங்க, அம்மா பூ எடுத்துட்டு வந்துருவேன்.” 18 மாதத்தில் அது முழுதாகப் புரியாது. ஆனால் தினமும் அவன் காதில் விழுந்து, தினமும் நடக்கவும் செய்தால் நம்பத் தொடங்குவான். காலையில் பூ எடுத்துவிட்டு வந்ததும் வேறு வேலை பார்க்காமல் முதலில் அவனை மடியில் வைத்துப் பால் கொடு. அதற்காக அவன் காத்திருப்பான்.

அத்தையிடம் அவன் வராததை நினைத்து அவர்களும் வருத்தப்படலாம். பகலில் அவர்கள் கையால் ஒரு வேளை சோறு, ஒரு குளியல் என்று பழக்கினால் ராத்திரியும் வந்துவிடுவான். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுது. ஆவலாக இருப்பேன்.

வாசகர், தெப்பக்குளம்: மூன்றரை வயது மகள் நன்றாகத் தூங்குகிறாள், குறட்டைதான் பெரிதாக இருக்கிறது. வாயைத் திறந்தே தூங்குகிறாள். பகலில் சிடுசிடுப்பு. குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்கிறார்களே?

பிள்ளைக்குத் தினமும் குறட்டை வருவது நல்ல தூக்கத்தின் அடையாளம் இல்லை. மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையோ, டான்சிலோ வீங்கிக் காற்றை அடைக்கலாம். தூங்குகிற மாதிரி தெரியும், ஆனால் மூச்சுக்காக உள்ளே போராடிக்கொண்டிருக்கும். பகலில் வருகிற சிடுசிடுப்பு அதனால்தான். குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று, பிறகு ‘ஹக்’ என்று இழுக்கிறதா என்று இன்று ராத்திரி பாருங்கள். சட்டையைக் கழற்றி, மார்பும் முகமும் தெரியும்படி இரண்டு மூன்று நிமிடம் போனில் வீடியோ எடுங்கள். அதை எடுத்துக்கொண்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். நம் அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. வாயால் சொல்வதைவிட அந்த வீடியோ டாக்டருக்கு உதவும். மூச்சு நிற்பதைப் பார்த்தால் அடுத்த வாரம் வரை தள்ளாதீர்கள், விடிந்ததும் கிளம்புங்கள்.